முள் இறங்கிய இருபத்தாறு நாள்

நத்தக்கரட்டுச் சனங்கள் இருபத்தாறு நாள் உட்காராமல் இருந்ததைச் சொல்கிறேன், நீங்கள் காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தே கேளுங்கள், உங்களுக்கும் சேர்த்து நாங்கள் நின்று முடித்துவிட்டோம்.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே, கரடு என்கிற ஒரு மொட்டைக் குன்றுக்கும் ஒரு ஏரிக்கும் நடுவில், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் விளைகிற ஊர். அங்கே துரைக்கண்ணுவிடம் ஒரு பழைய டிராக்டர் இருந்தது. அவருடைய அப்பா காலத்தில் கப்பலில் வந்து, ரயிலில் ஏறி, கடைசி இருபது மைலைத் தானே ஓடிக் கடந்து ஊருக்குள் நுழைந்த வண்டி. அதன் சிவப்புப் பெயின்ட் வெயிலில் வெளுத்துப் பழைய மிளகாய்த்தூள் நிறத்துக்கு வந்த பிறகும் ஊர் அதைச் செவப்பி என்றுதான் கூப்பிட்டது. மூன்று வருசத்துக்கு முன்னால் ஒரு வரப்பில் ஏற்றும்போது துரைக்கண்ணு அதிலிருந்து நழுவி விழுந்தார், முதுகில் அடி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. அன்றைக்கு அவர் கட்டிலில் படுத்தார், செவப்பி தகரக் கொட்டகையில் நின்றது, அவர் பெண்சாதி பவளக்கொடி ரெண்டு பேரையும் பார்த்துக்கொண்டாள், இவரைத் துடைப்பாள், அதைத் துடைப்பாள், இவருக்குக் கஞ்சி ஊற்றுவாள், அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவாள்.

ஒருநாள் கட்டிலில் இருந்தபடி அவர் சொன்னார்.

"என்னையத்தான் எந்திரிக்க வைக்க முடியல. அதையாவது எந்திரிக்க வையி புள்ள."

அவள் மறுநாளே மீரான் பாய் பட்டறைக்குப் போனாள். பட்டறை அவள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி, இஞ்சின் சத்தம் கட்டிலுக்குக் கேட்கிற தூரம். மீரான் பாய் இஞ்சின் வேலை, அவருடைய கூட்டாளி கோவிந்தராசு லேத் வேலை, ரெண்டு பேரும் இருபத்திரண்டு வருசமாக ஒரே கூரைக்குக் கீழே. கிழக்குச் சுவரில் கோவிந்தராசுவின் சாமிப்பலகை உண்டு, நாலு சாமி படம், ஒரு விளக்கு. வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனால் ராசு கடையைப் பார்த்துக்கொள்வார், ராசு சூடம் கொளுத்தினால் பாய் பேசாமல் வந்து டீசல் டின்னைத் தள்ளி வைப்பார். பாய் அந்தப் பலகையைத் தொட்டதே கிடையாது. தொடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை, அவராகத் தொட்டதில்லை.

செவப்பியின் இஞ்சினை அவர்கள் நட்டு நட்டாகப் பிரித்தார்கள். பிளாக்கை வெந்நீரில் போட்டு வேகவைத்து ஐம்பது வருசத்து எண்ணெய்க் கசடை எடுத்தார்கள், போரிங் போட்டார்கள், கிராங்கைக் கடைந்தார்கள், புது பிஸ்டன், புது பேரிங் மெட்டல், இத்துப்போன திருகுகளுக்குப் பதிலாக ராசு கையாலேயே கடைந்த பித்தளைத் திருகுகள். நடுவில் ஆயுத பூசை வந்தது, ஸ்பேனர் சுத்தியல் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு ஒருநாள் ஓய்வெடுத்தன. மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் ராசு மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவர் ஒரு வாரம் கழித்து வந்தார். அதற்குள் பாய் இஞ்சினை முழுசாகப் பூட்டியிருந்தார்.

ஸ்டார்ட் பண்ணுகிற அன்றைக்கு ஊரே பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தது. சிமெண்டு மூட்டை மேல் சிலர், டயர் மேல் சிலர், மக்காச்சோளச் சாக்கு மேல் சிலர். எலுமிச்சம்பழம் நசுங்கியது, செவப்பி ஒரு தும்மல் தும்மிப் பிடித்துக்கொண்டது, ஆயில் பிரஷர் மீட்டரில் முள் ஐம்பதுக்கு ஏறி நின்றது, எல்லாரும் கை தட்டினார்கள். மூன்று நிமிசம் போயிருக்கும். இஞ்சின் சூடாகச் சூடாக முள் நாற்பது, முப்பது, இருபது என்று வெல்லப்பாகில் விழுந்த எறும்பு மாதிரி மெதுவாக இறங்கி, பத்துக்கும் கீழே போய்ப் படுத்தது. அது படுத்த அதே நொடியில் சிமெண்டு மூட்டை மேல் இருந்தவர்களும் டயர் மேல் இருந்தவர்களும் சாக்கு மேல் இருந்தவர்களும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். யாரும் எழ நினைக்கவில்லை, எழுந்தார்கள், அவ்வளவுதான். பாய் பதறி இஞ்சினை நிறுத்தினார். திரும்ப உட்காரப் பார்த்தோம். குனிய முடிந்தது, மண்டியிட முடிந்தது, ஆனால் குந்தவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை, பின்பக்கம் தரைக்கு ஒரு முழம் இருக்கும்போதே கால் தானாக நிமிர்ந்து நாலு எட்டு நடக்கவைத்தது.

"சரி, நிப்போம்" என்றார் சலூன் மருதையன். ஆளாளுக்கு வேலையைப் பார்க்கப் போனோம்.

பவளக்கொடி விசயத்தைச் சொல்ல வீட்டுக்கு ஓடினாள். கட்டில் காலியாக இருந்தது. அடுப்படியில் துரைக்கண்ணு நின்றுகொண்டு செம்பிலிருந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"தாகமா இருந்துச்சு. கூப்பிட்டேன், நீ வரல. எந்திரிச்சு வந்துட்டேன்."

அவள் அவருடைய காலைப் பார்த்தாள், ரெண்டு காலும் தரையில் பதிந்து இருந்தன, வலது காலில் மூன்று வருசமாக வெட்டாமல் விட்ட நகம் இருந்தது.

"டம்ளர்ல ஊத்திக் குடிக்கக் கூடாதா" என்று சொல்லிவிட்டுச் செம்பை வாங்கி வைத்தாள். அப்புறம் வெளியே போய் மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள், அழுகிறபோதும் கால் நடந்துகொண்டேதான் இருந்தது.

அதற்குப் பிறகு ஊர் நடந்தது. நின்றுகொண்டே இருப்பதும் கஷ்டமாகப் போய், நின்றால் கால் குறுகுறுக்கும், நடந்தால்தான் தேவலை என்று ஆகி, கிழவரும் நடந்தார், கைக்குழந்தையை வைத்திருந்தவளும் நடந்தாள், படுத்தாலும் கால் மட்டும் போர்வைக்குள் நடந்தது. மருதையன் ஆளை முன்னால் நடக்கவிட்டு, கத்திரிக்கோலோடு பின்னால் நடந்தார். கட்டிங் என்றால் ஏரிக்கரை வரைக்கும், ஷேவிங் என்றால் பிள்ளையார் கோயில் வரைக்கும், போகிற வழியெல்லாம் முடி. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் வாய்ப்பாடுகளைத் தெருச் சுவர்களில் எழுதிவிட்டார், தெற்குத் தெரு முழுக்க ஏழாம் வாய்ப்பாடு, அதனால் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெற்குத் தெருவில் நின்று கேட்டால்தான் ஏழெட்டு எவ்வளவு என்று வரும். கோழிகள் அடையில் உட்காராமல் முட்டையைச் சுற்றிச் சுற்றி நடந்தன. சீட்டு விளையாடுகிறவர்கள் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வட்டமாக நடந்து விளையாடினார்கள், முன்னால் போகிறவன் சீட்டைப் பின்னால் வருகிறவன் பார்க்கிறான் என்று தினமும் ஒரு சண்டை. எல்லையில் இருக்கிற சின்னப் பாலத்தைத் தாண்டினால் ஒன்றுமில்லை, அந்தப் பக்கம் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், வீடும் காடும்தான் இந்தப் பக்கம். ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததும் டவுன் பஸ் டிரைவர் சீட்டிலிருந்து எழுந்துவிட்டதால், பஸ் அங்கேயே திரும்பிப் போனது. விசாரிக்க வந்த ஓர் அதிகாரியும் நடந்துகொண்டே கேட்டு நடந்துகொண்டே எழுதிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து மூச்சு வாங்கினார், திரும்பி வரவே இல்லை.

துரைக்கண்ணுவும் ஒருநாள் பாலம் வரைக்கும் நடந்தார். பாலத்தின் நடுவில் முட்டி தளர்ந்தது, கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் திரும்பிவிட்டார். கூடப் போன பவளக்கொடி அதைப் பார்த்தாள். பார்த்ததை அவரிடம் சொல்லவில்லை.

பெரிய பாடு வெங்காயம்தான். சின்ன வெங்காயத்தைக் குந்தித்தான் நடணும், பாத்தி பாத்தியாகத் தவளை மாதிரி நகர்ந்து நடணும். குந்த முடியாத பெண்கள் குனிந்து நட்டு, பத்து வெங்காயத்துக்கு ஒருமுறை நாலு எட்டு நடந்து, திரும்ப வந்து நட்டார்கள். ஒரு நாளில் முடிகிற காடு ஒரு வாரம் இழுத்தது, காட்டோரம் சேமித்து வைத்திருந்த விதை வெங்காயம் முளை விட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ரெண்டாம் நாள் காலையில் கோளாறைப் பார்க்கிறதுக்காகப் பாய் செவப்பியைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினார். ஆறிப்போன இஞ்சினில் எண்ணெய் கெட்டியாக இருக்குமே, முள் ஐம்பதுக்கு ஏறியது. ஏறியதும் ஊர் மொத்தமும் நின்ற இடத்தில் பொத்தென்று உட்கார்ந்தது. ஒருத்தர் சாணியில், ஒருத்தி ஊறவைத்த உளுந்துச் சட்டியில், மருதையன் ரோட்டு நடுவில். மூன்று நிமிசம். முள் இறங்கியது, எழுந்தோம். மூன்றாம் நாளிலிருந்து இது ஊர் வழக்கமாகிவிட்டது. காலை ஏழு மணிக்குப் பாய் ஸ்டார்ட் பண்ணுவார், அதற்கு முன்னாலேயே எல்லாரும் நாற்காலி, முக்காலி, உரல், படிக்கல் என்று அவரவர் இடத்தில் தயாராக நிற்பார்கள். வேறு அவசரம் உள்ளவர்கள் வேறு இடத்தில் தயாராக நிற்பார்கள். மிச்ச நேரத்தில் அந்த அவசரத்துக்கு என்ன செய்தீர்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த மூன்று நிமிசத்தில் துரைக்கண்ணுவின் கால் செத்துவிடும். ஏழுக்கு முன்னால் பவளக்கொடி அவரைக் கட்டிலில் சாய்த்துப் பிடித்துக்கொள்வாள். ஊரெல்லாம் உட்கார்ந்து ஆ என்று மூச்சு விடுகிற நேரத்தில் அவள் மட்டும் மடங்கப் பார்க்கிற காலை ஊன்றி உட்காராமல் நின்றாள், அவர் தோளில் ஒரு கை, வேட்டியைச் சரிபண்ண ஒரு கை. முள் இறங்கினதும் அவர் கட்டிலை விட்டு எழுந்து "காப்பி போடு" என்பார். ஆக, இஞ்சினைச் சரிபண்ணினால் என்ன ஆகும் என்பதை அவள் தினமும் காலையில் மூன்று நிமிசம் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் பாயும் ராசுவும் நடந்துகொண்டே கோளாறு தேடினார்கள்.

"முள்ளு பொய் சொல்லுதோ என்னமோ" என்றார் ராசு. வேறு மீட்டர் மாட்டினார்கள், அதுவும் அதையே சொன்னது. எண்ணெய் இளசு என்று வடித்துவிட்டுக் கெட்டி எண்ணெய் ஊற்றினார்கள், அதே கதை. அளவுக்கு மிஞ்சின எண்ணெயைத் திருப்பி விடுகிற வால்வு ஒன்று உண்டு, அதன் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம் என்று அடியில் ரெண்டு வாசர் போட்டு இறுக்கினார்கள். அன்றைக்கு முள் பத்தில் படுக்காமல் பதினைந்தில் நின்றது, ஊர் முழுக்க எல்லாருக்கும் முட்டி பாதி மடங்கி, உட்காரவும் இல்லாமல் நிற்கவும் இல்லாமல், கண்ணுக்குத் தெரியாத சைக்கிளில் போகிற மாதிரி சாயந்திரம் வரைக்கும் திரிந்தோம்.

"பாய், இதுக்கு முன்ன இருந்ததே தேவலை, கழட்டிடுங்க" என்று மருதையன் தொடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கழட்டினார்கள்.

அடிச் சட்டியைக் கழற்றிப் பம்பை இறக்கி, உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கிறதா என்று புதுப் பேக்கிங் போட்டார்கள். பேரிங் மெட்டலை ஒவ்வொன்றாகக் கழற்றி நகத்தால் தடவிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் அந்த மெட்டலில் தேய்மானம் கூடிக்கொண்டே வந்தது. எண்ணெய் போதாத இஞ்சினைத் தினமும் ஓட்டுகிறோமே, மூன்று நிமிசம் உட்கார்ந்ததற்கு மெட்டல்தான் தேய்ந்தது. மூன்று நிமிசம் ரெண்டரை ஆயிற்று, ரெண்டரை ரெண்டு ஆயிற்று.

"இப்படியே போனா ஒருநாள் கிராங்க் இறுகி இஞ்சினே சுத்தாம போயிடும்" என்றார் பாய். "அப்புறம் முள்ளு எப்பவும் ஏறாது."

இதைக் கேட்டுக்கொண்டு பவளக்கொடி பட்டறைக்குள் இங்கிருந்து அங்கே நடந்துகொண்டிருந்தாள். முள் எப்பவும் ஏறாவிட்டால் அவள் வீட்டுக்காரர் எப்பவும் நடப்பார். அவள் அதை நினைத்தாள் என்று யாரும் சொல்ல முடியாது, நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

"எல்லாத்தையும் பாத்தாச்சா பாய்" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு தங்கச்சி. நம்ம ஏரித் தண்ணி பெரிய வாய்க்கால்ல வந்து மடை மடையா பிரிஞ்சு வயலுக்குப் போகுதுல்ல, அந்த மாதிரி பிளாக்குக்குள்ள நீளமா ஒரு ஓட்டை, அதுலருந்துதான் ஒவ்வொரு பேரிங்குக்கும் எண்ணெய் பிரியும். எல்லா மடையும் பாத்துட்டேன்."

"கடைசியில வாய்க்கால் எங்க முடியுது?"

"முன்பக்கம், டைமிங் கவருக்கு உள்ளாற. அங்க ஒரு சின்னத் திருகு அடைச்சிருக்கும். அது ராசு புதுசா கடைஞ்சது. ராசு வேலையில நான் சந்தேகப்பட மாட்டேன்."

லேத் பக்கமிருந்து ராசு, "பூட்டுனது பாய். பாய் பூட்டுனதை நான் பிரிச்சுப் பாக்க மாட்டேன்" என்றார்.

இப்படியே ஒருத்தர் மேல் ஒருத்தர் வைத்திருந்த மரியாதை மேல் பத்தொன்பது நாள் ஓடிவிட்டது. இருபதாம் நாள் அவர்கள் ரெண்டு பேரும் டீ குடிக்க நடந்து போயிருந்தபோது, பட்டறையில் தனியாக நடந்துகொண்டிருந்த பவளக்கொடியின் கண் சாமிப்பலகையில் பட்டது. ஆயுத பூசைக்கு வைத்த சாமந்திப் பூ கருகிச் சுருண்டு அப்படியே கிடந்தது. காய்ந்த பூவைச் சாமி முன்னால் விடக்கூடாது என்று பொம்பளைக் கை தானாகப் போய் எடுத்தது. பூவுக்கு அடியில், சந்தனப் பொட்டும் குங்குமப் பொட்டும் காய்ந்துபோய், சுண்டுவிரல் நகத்தளவு ஒரு பித்தளைத் திருகு இருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தான் கடைந்த புதுத் திருகைச் சாமி முன்னால் வைத்தார் ராசு, மறுநாள் பாய் எடுத்துப் பூட்டிக்கொள்வார் என்று பஸ் ஏறினார். ராசு போகிறதுக்கு முன்னாலேயே பூட்டியிருப்பார் என்று பாய் கவரை மூடினார். பலகைப் பக்கம் பாய் கை போகாதே. கடைமடை திறந்து கிடக்க, எண்ணெயெல்லாம் முன்பக்கமாக ஒழுகுகிறது.

திருகை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பூவை மட்டும் எடுத்துப் போய் வெளியே போட்டாள்.

நாலு நாள் வைத்திருந்தாள். அந்த நாலு நாளும் அவள் நடந்த நடை ஊரில் யாரும் நடக்கவில்லை. கிணற்றுக்குப் போய் குடத்தை மறந்து வருவாள், குடத்துக்குப் போய் கிணற்றையே தாண்டிப் போவாள். மருதையன் மகள் நிறைமாசம், பாலம் வரைக்கும் போகத் தெம்பில்லை, கால் ரெண்டும் மரவள்ளிக் கிழங்கு மாதிரி வீங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் மேலும் கீழும் நடப்பாள். பவளக்கொடியைப் பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டாள், சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து பவளக்கொடி வேறு தெருவில் நடந்தாள்.

பஞ்சாயத்து கூடியது, அதாவது பிள்ளையார் கோயிலைச் சுற்றி எல்லாரும் ஒன்றாக நடந்தோம்.

"காலையில உக்கார்ற நேரம் ஒரு நிமிசம் ஆயிருச்சு. நாளைக்கு அதுவும் இருக்காது" என்றார் ஒருத்தர்.

"வெளியூரு மெக்கானிக்கக் கூப்பிடுவோம்."

"கூப்பிட்டா அந்தம்மா விடணுமே. வண்டி சரியாயிட்டா அவ வீட்டுக்காரன் கட்டில்ல."

"அதுக்காக? ஒரு ஆளு நடக்குறதுக்கு ஊரே நிக்கணுமா?" என்றார் மருதையன். மகள் பாடு அவருக்கு.

அப்போது துரைக்கண்ணு ஏரியிலிருந்து ஈரத் துண்டோடு எதிரே நடந்து வந்தார். மூன்று வருசமாகத் தண்ணீரை வாளியில் மட்டுமே பார்த்த ஆள், தலையெல்லாம் பாசியோடு வந்தார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

"வாண்ணே" என்றார் மருதையன். "முடி வளந்துருக்கே, கட்டிங் பண்ணிக்கிறியா? ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."

"ஏரியிலருந்துதானடா வர்றேன்."

"அப்ப ஷேவிங்காவது பண்ணிக்க. கோயிலு பக்கந்தான்."

பஞ்சாயத்து அதோடு கலைந்தது.

இருபத்துநாலாம் நாள் காலையில் பவளக்கொடி கிணற்றிலிருந்து பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்து நடந்து வந்தாள். துரைக்கண்ணு வாசலில் மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தார். அவள் ஒவ்வொரு எட்டு வைக்கும்போதும் முந்தானை முடிச்சு குடத்தில் பட்டு 'ணக், ணக்' என்றது. அவர் நடையை நிறுத்திக் காதைச் சாய்த்தார்.

"முடிச்சுல என்ன புள்ள?"

"திருநீறு."

"திருநீறு ணக்குன்னு சொல்லாது. அது பித்தளை. புதுப் பித்தளை, இன்னும் எண்ணெயே படாத பித்தளை."

அவள் குடத்தை இறக்கி வைத்தாள். முடிச்சை அவிழ்க்கவில்லை.

"எங்க இருந்துச்சு?" என்றார்.

"சாமிப்பலகையில. பூவுக்கு அடியில."

"எத்தன நாளா வச்சிருக்க?"

"நாலு நாளா. திட்டுறதுன்னா திட்டுங்க."

அவர் திட்டவில்லை. வாசலில் நாலு எட்டுப் போய்த் திரும்பி வந்தார்.

"நான் இருபத்துமூணு நாளா வச்சிருக்கேன்" என்றார். "தெனம் காலையில கட்டில்ல கெடந்து கேக்குறேன்ல. முன்பக்கம், டைமிங் வீலுக்குப் பின்னாடி, கூரைத் தண்ணி சொட்டுற மாதிரி எண்ணெய் கொட்டுற சத்தம். மொத நாளே தெரியும், அங்க திருகு இல்லன்னு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

ரெண்டு பேரும் வாசலில் ஆளுக்கொரு பக்கமாக நடந்தார்கள், குறுக்கே குறுக்கே கடந்துபோனார்கள், ஒரு தரம் கடக்கும்போது அவர் அவளுடைய கையைப் பிடித்தார், பிறகு ஒரே பக்கமாக நடந்தார்கள்.

"இன்னும் ரெண்டு ஸ்டார்ட்டு, மூணு ஸ்டார்ட்டு" என்றார். "அப்புறம் செவப்பி எறந்துரும். அது போயிட்டா நான் நடந்து எங்க போறது? பாலம் வரைக்கும் போவேன், திரும்பி வருவேன். ஊரும் என்கூட நடக்கும். மருதையன் பேரப்புள்ள பொறந்த உடனே நடக்கும்."

"நீங்க திரும்பக் கட்டில்ல படுக்கணும்."

"படுக்கணும்னு யாரு சொன்னா? ரெண்டு நாள் குடு. பாய்கிட்ட எனக்கு ஒரு வேலை இருக்கு."

பாயிடம் அவரே போனார். திருகைக் கையில் வைத்ததும் பாய் அதிலிருந்த சந்தனத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், ராசுவைப் பார்த்தார்.

"நான் அந்தப் பலகைய தொட்டதில்ல ராசு."

"தொட்டிருந்தா நான் என்ன கேக்கவா போறேன் பாய்?"

"நீ கேக்க மாட்ட. அதனாலதான் தொடல."

ராசு லேத்தைச் சுற்றி நாலு சுற்று நடந்தார். "போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கணும். பஸ்ஸு வந்துருச்சு" என்றார்.

"அத விடுங்கப்பா" என்றார் துரைக்கண்ணு. "திருகை நாளன்னிக்குப் பூட்டலாம். அதுக்குள்ள கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் கையால இழுக்குற மாதிரி ரெண்டு கம்பி வெல்டிங் பண்ணுங்க. ஆக்சிலேட்டர் ஏற்கெனவே கையிலதான் இருக்கு. என் உயரத்துக்கு அளவெடுங்க, இப்ப ஏறி நிக்கிறேன்."

பாய் கையைத் துடைத்தார். பிறகு அளவு டேப்பை எடுத்தார்.

அந்த ரெண்டு நாளும் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், செவப்பியின் மிச்ச உயிரை அதற்கே விட்டு வைத்தார்கள். காரணம் தெரிந்ததும் ஊர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ரெண்டு நாள் நடந்தது. துரைக்கண்ணுவும் நடந்தார். வெங்காயக் காட்டின் நாலு வரப்பும், கரட்டின் உச்சி வரைக்கும், ஒவ்வொரு வீட்டு வாசலும், தான் விழுந்த அந்த வரப்பு மேல் ஏழெட்டு தரம், மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக நடந்தார். கால் நகத்தை மருதையன் வெட்டிவிட்டார், அதற்கு மட்டும் நின்றார்.

இருபத்தாறாம் நாள் காலையில் டைமிங் கவரைக் கழற்றினார்கள், வாய்க்கால் வாய் ஆவென்று திறந்து கிடந்தது. திருகைப் பூட்டப்போன ராசு அதிலிருந்த சந்தனத்தைத் துடைக்கத் தயங்கினார்.

"டீசல்ல கழுவு ராசு" என்றார் பாய். "சந்தனம் லைன்ல போனா அடைச்சுக்கும். சாமி கோவிச்சுக்காது, இஞ்சின் கோவிச்சுக்கும்."

தேய்ந்த மெட்டலுக்கும் புதுசு போட்டிருந்தார்கள். கவரை மூடி, எண்ணெய் ஊற்றி, செவப்பியைப் பட்டறை வாசலுக்குத் தள்ளி வந்தார்கள். ஊர் நாற்காலி முக்காலியோடு சுற்றி நின்றது. மருதையன் மகளுக்கு மெத்தை போட்ட கட்டிலே வந்தது. துரைக்கண்ணு தன் காலாலேயே படியில் கால் வைத்து ஏறி, ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டுக்கு முன்னால் நின்றார். பவளக்கொடி பின்னால் ஏறி, ரெண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே சாவியத் திருப்புறேன்" என்றார்.

கொஞ்ச நேரம் திருப்பவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார், பிறகு மறுகாலில் நின்றார், பிறகு ரெண்டிலும் நின்றார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

திருப்பினார். செவப்பி தும்மிப் பிடித்தது, முள் ஐம்பதுக்கு ஏறியது, ஊர் உட்கார்ந்தது, அவருடைய கால் ரெண்டும் அவரை விட்டுப் போயின, பவளக்கொடி அவரை மெதுவாகச் சீட்டில் இறக்கினாள்.

ஒரு நிமிசம். ரெண்டு. மூன்று. எல்லாருக்கும் உட்கார்ந்திருந்த இடத்தில் முதுகு விறைத்து, எழுந்திருக்கத் தயாராகத் தொடையில் கை ஊன்றியிருந்தது. இஞ்சின் சூடாயிற்று. முள் ஐம்பதிலிருந்து நாற்பத்தைந்துக்கு வந்தது, நாற்பத்திரண்டுக்கு வந்தது, அங்கே நின்றது. ஐந்து நிமிசம். பத்து நிமிசம். முள் நின்ற இடத்திலேயே நின்றது. யாரும் கை தட்டவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தொடையிலிருந்து கைகள் எடுக்கப்பட்டன, முதுகுகள் சாய்ந்தன, ஒருத்தர் செருப்பைக் கழற்றினார், மருதையன் முக்காலியில் உட்கார்ந்தபடியே குறட்டை விட ஆரம்பித்தார். எங்கேயோ ஒரு கோழி கொக்கரிப்பதை நிறுத்தி அடையில் உட்கார்ந்தது.

பவளக்கொடி மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காரு புள்ள" என்றார் துரைக்கண்ணு.

"எங்க?"

"எப்பவும் எங்க உக்காருவியோ அங்க."

இடதுபக்க மட்கார்டு. கல்யாணமான நாளிலிருந்து காட்டுக்கும் சந்தைக்கும் அவள் உட்கார்ந்து போன இடம், அங்கே மட்டும் பெயின்ட் வெளுக்காமல் பளபளவென்று இருக்கும். அவள் உட்கார்ந்தாள். இருபத்தாறு நாளில், அந்த மூன்று நிமிசங்களிலும்கூட உட்காராதவள், முதல் தரமாக உட்கார்ந்து ரெண்டு காலையும் தொங்கவிட்டாள். பாதம் ரெண்டும் வெடித்துப் புழுதி அப்பியிருந்தது.

அவர் கைக்கம்பியை இழுத்தார், கியரைப் போட்டார், கம்பியை மெதுவாக விட்டார். செவப்பி நகர்ந்தது. உட்கார்ந்திருந்த சனங்கள் எழுந்திருக்க மனசில்லாமல் உட்கார்ந்தபடியே காலை மடக்கி வழி விட்டார்கள். தெற்குத் தெருவில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டி, பிள்ளையார் கோயிலைத் தாண்டி, வெங்காயக் காட்டைத் தாண்டி வண்டி போயிற்று. பாலத்தின் நடுவில் ஏறும்போது பவளக்கொடி பழக்கத்தில் அவர் முட்டியைப் பார்த்தாள். அங்கே தளர்வதற்கு ஒன்றும் இல்லை, அவர் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ரோடு நேராகக் கிடந்தது.

"ஏங்க" என்றாள். "எறங்குறது எப்படிங்க?"

அவர் மீட்டரைப் பார்த்தார், நாற்பத்திரண்டு. டேங்க்கை விரலால் தட்டிச் சத்தத்தைக் கேட்டார், நிறைய டீசல் இருந்தது.

"எறங்குறப்ப பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு ஆக்சிலேட்டரைக் கையால் கொஞ்சம் கூட்டினார்.